ஆறு ஆறு விநாடியாகத் திரும்பி வந்த ஒப்பாரி

ஒப்பாரியை ரெக்கார்ட் செய்யப் போகிறவர்களுக்குத் தெரியும், கேட்டவுடன் யாரும் பாடிவிட மாட்டார்கள். சாவு விழாத வீட்டில் ஒப்பாரி வைக்கக் கூடாது என்ற நம்பிக்கை சிவகங்கைப் பக்கம் இன்றும் உறுதியாக இருக்கிறது. நான் தேடிப் போன அப்பத்தாவும், "வீட்டுக்குள்ள வச்சு நான் வாயத் தொறக்க மாட்டேன் தம்பி" என்று சொல்லிவிட்டார். பேசிப் பழகிய பிறகு அவரே ஒரு வழி சொன்னார். கண்மாய்க் கரைக்குப் போய்விடலாம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால் முடித்துவிட வேண்டும், ஒரு தடவைதான் பாடுவேன்.

அந்த ஒரு தடவையின் நடுவில்தான் லேப்டாப் நின்றது. புருஷனுக்கு வைத்த ஒப்பு, தாய்க்கு வைத்தது, கூடப் பிறந்தவனுக்கு வைத்தது என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாட்டு தானாகப் போய்க்கொண்டிருந்தது. ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு நிரலின் திரையில் ஓடிக்கொண்டிருந்த அலைக்கோடு அப்படியே உறைந்தது, அடுத்து நீலத் திரை. தானாக ரீஸ்டார்ட் ஆன லேப்டாப், விண்டோஸுக்குள் போகாமல் 'ஆட்டோமேட்டிக் ரிப்பேர்' என்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2019 கோடையில் நடந்தது இது. லேப்டாப்பில் இருந்தது பழைய வகை, சுழலும் ஹார்ட் டிஸ்க். ஆடாசிட்டி இரண்டாம் வரிசைப் பதிப்பு. பின்னால் சொல்லப்போவதற்கு இந்த இரண்டு விவரமும் முக்கியம்.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து லேப்டாப்பை அணைத்துவிட்டேன். இந்த அனுபவத்தில் மற்றவர்களுக்கு முதலில் சொல்ல வேண்டியதும் இதுதான். கம்ப்யூட்டர் விழுந்த நொடியில் பதிவு அழிந்துபோவது அபூர்வம். அதற்குப் பிறகு நாமோ, நம் மேல் அக்கறையுள்ள ஒருவரோ, விண்டோஸோ செய்கிற காரியங்களால்தான் பெரும்பாலும் அழிகிறது. ரிப்பேர் என்று ஓடுவதே டிஸ்க்கைச் சரிசெய்கிறேன் என்று அதன் மேல் எழுத ஆரம்பிக்கலாம். 'செக்டிஸ்க்' என்ற நிரலும் அப்படித்தான். அதன் வேலை டிஸ்க்கின் கணக்கைச் சரியாக்குவது. உங்கள் ஃபைலைக் காப்பாற்றுவது அதற்கு இரண்டாம்பட்சம். கணக்கில் வராத துண்டுகளை 'ஃபவுண்ட்' என்ற ஃபோல்டரில் பெயர் தெரியாத சிஹெச்கே ஃபைல்களாகக் கொட்டிவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிடும்.

மதுரையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். பார்த்த உடனேயே, "விண்டோஸ் அடிச்சா போயிரும் சார், சாயங்காலம் வாங்க, ரெடியா இருக்கும்" என்றார் அந்தத் தம்பி. உள்ளே ஒரு ரெக்கார்டிங் இருக்கிறது, அதுதான் வேண்டும் என்றேன். "டி டிரைவ்ல இருந்தா ஒண்ணும் ஆகாது" என்றார். அவர் வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. கடைக்கு வருகிற பெரும்பாலானோருக்கு வேண்டியது ஓடுகிற கம்ப்யூட்டர், அதை அவர் ஒழுங்காகச் செய்துதருவார். ஆனால் ஆடாசிட்டியில் இன்னும் சேவ் செய்யாத ரெக்கார்டிங் இருப்பது சி டிரைவில். புதிதாக விண்டோஸ் போட்டால் சுமார் 20 ஜிபி அளவுக்கு அதே டிரைவில் எழுதப்படும். எதன் மேல் எழுதும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் கடையில் கொடுக்கும்போது "டேட்டா வேணும்" என்று மட்டும் சொன்னால் போதாது. "டிஸ்க்கைக் கழற்றிக் கொடுங்கள், அதில் எதுவும் எழுதாதீர்கள்" என்று சொல்ல வேண்டும். நான் டிஸ்க்கை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வேலை, டிஸ்க்கைப் படியெடுப்பது. கழற்றிய டிஸ்க்கை யூஎஸ்பியில் இணைக்கிற சாட்டா கேபிள் ஒன்று, டிஸ்க்கின் முழுக் கொள்ளளவையும் தாங்குகிற எக்ஸ்டர்னல் டிரைவ் ஒன்று, விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற உபுண்டு என்ற இயங்குதளம் ஏற்றிய பென் டிரைவ் ஒன்று, வேறொரு கம்ப்யூட்டர். டிடிரெஸ்க்யூ என்ற இலவச நிரலை ஓட்டினேன். சாதாரணமாக ஃபைலை இழுத்துப் போட்டுக் காப்பி செய்தால், படிக்க முடியாத இடம் வந்ததும் விண்டோஸ் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும், பழுதான டிஸ்க் அந்த இழுபறியில் இன்னும் மோசமாகும். டிடிரெஸ்க்யூ கெட்ட இடத்தைத் தாண்டிப் போய், நல்ல இடங்களையெல்லாம் முதலில் அள்ளி எடுத்துவிடும். பிறகுதான் கெட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை படித்தது என்பதை மேப் ஃபைல் ஒன்றில் எழுதிக்கொண்டே போவதால் நடுவில் நிறுத்தி மறுபடி தொடரலாம். டிஸ்க் சூடானால் நிறுத்தி, ஆறவைத்துத் தொடர்ந்தேன். முடிந்தபோது படிக்க முடியாமல் போனது மிகச் சிறிய பகுதிதான்.

ஒன்று சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கிலிருந்து 'டக் டக்' என்று தட்டுகிற சத்தம் வந்தால் இதையெல்லாம் செய்யக் கூடாது. பெரும்பாலும் உள்ளே படிக்கிற முனை கெட்டுவிட்டது என்று அர்த்தம். ஓடுகிற ஒவ்வொரு நிமிடமும் தட்டின் பரப்பு கீறப்படலாம். அதைத் தூசு புகாத அறையில் திறக்கிற டேட்டா ரெக்கவரி கூடங்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். செலவு அதிகம்தான், ஆனாலும் வேறு வழியில்லை. ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் ஓடும் என்று சொல்வதைக் கேட்டுச் செய்யாதீர்கள். வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் படியும்.

படியெடுத்த பிறகு தைரியம் வந்துவிட்டது. இனி என்ன செய்தாலும் மூலத்துக்கு ஒன்றும் ஆகாது. அந்தப் படிக்குள் யூசர்ஸ், என் பெயர், ஆப்டேட்டா, லோக்கல், ஆடாசிட்டி, செஷன்டேட்டா என்று ஃபோல்டர் ஃபோல்டராக இறங்கிப் போனேன். ஆப்டேட்டா மறைந்திருக்கிற ஃபோல்டர், விண்டோஸில் 'ஹிடன் ஐட்டம்ஸ்' என்பதை டிக் செய்தால்தான் தெரியும். உள்ளே போனால் வரிசையாக ஏயூ ஃபைல்கள். ஒவ்வொன்றும் சுமார் 1 எம்பி.

பழைய ஆடாசிட்டி ஒலியை ஒரே நீளமான ஃபைலாக எழுதாது. 1 எம்பி துண்டுகளாக வெட்டி வெட்டி எழுதும். விநாடிக்கு 44,100 சாம்பிள் வேகம், 32 பிட், மோனோ என்றால் ஒரு துண்டு சுமார் 6 விநாடி. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 600 துண்டு. எந்தத் துண்டுக்குப் பின் எது என்ற கணக்கு தனியாக வேறொரு ஃபைலில் இருக்கும். கம்ப்யூட்டர் மறுபடி உயிரோடு எழுந்துவிட்டால் ஆடாசிட்டியே இதையெல்லாம் பார்த்துக்கொள்ளும். திறந்தவுடன், முடிக்காமல் விட்ட ப்ராஜெக்ட் இருக்கிறது, மீட்கவா என்று ஒரு பெட்டி வரும். அதில் 'டிஸ்கார்ட்' என்ற பட்டனைத் தொட்டால் அத்தனை துண்டுகளும் அழிந்துவிடும். அவசரத்தில் அதைத் தட்டிவிட்டுத் தேடியவர்களை எனக்குத் தெரியும். சந்தேகமாக இருந்தால் எந்த பட்டனையும் தொடாமல், முதலில் அந்த செஷன்டேட்டா ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் காப்பி செய்துவிடுங்கள்.

என் விஷயத்தில் கணக்கு ஃபைல் கெட்ட இடத்தில் மாட்டிக்கொண்டது. துண்டுகள் மட்டும் கையில். பெயர் வரிசைப்படி சேர்த்துப் பார்த்தால் பாட்டு தாறுமாறாக வந்தது, அந்தப் பெயர்களில் வரிசை கிடையாது. உண்மையான வரிசை ஃபைல் எழுதப்பட்ட நேரத்தில் இருந்தது. 'டேட் மாடிஃபைட்' என்பதை வைத்து அடுக்கினால் துண்டுக்குத் துண்டு சுமார் ஆறு விநாடி தள்ளித் தள்ளி நேரம் போவது தெரிந்தது. அதற்காகத்தான், துண்டுகளைத் தொடுவதற்கு முன் அந்த நேரங்கள் மாறாதபடி காப்பி செய்துகொள்ள வேண்டும். விண்டோஸில் காப்பி செய்தால் 'கிரியேட்டட்' நேரம் மாறிவிடும், 'மாடிஃபைட்' மாறாது. ஸ்டீரியோவாகப் பதிவு செய்திருந்தால் இரண்டிரண்டு துண்டு ஒரே நேரத்தைக் காட்டும், இடது காதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. நான் மோனோவில் எடுத்திருந்ததால் அந்தப் பாடு இல்லை.

நேர வரிசைப்படி எண் கொடுத்துப் பெயர் மாற்றி, ஐம்பது ஐம்பதாக ஆடாசிட்டியில் இறக்கி, 'அலைன் எண்ட் டு எண்ட்' கொடுத்தால் ஒன்றன் பின் ஒன்றாக உட்கார்ந்துகொள்ளும். சாக்ஸ் என்ற நிரல் ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் கோத்துவிடும், ஆனால் நான் ஆடாசிட்டியிலேயே செய்தேன். ஒவ்வொரு ஒட்டையும் காதால் கேட்க வேண்டும் என்று இருந்தது. ஒரு துண்டு "என்னப் பெத்" என்று முடியும், அடுத்தது "த மகராசி" என்று தொடங்கும். ஒப்பாரியில் வரிக் கடைசியில் ஓர் இழுவை வரும், அழுகையும் ராகமும் கலந்து கீழே இறங்கும். துண்டு மாறிப்போனால் அந்த இறக்கம் சட்டென்று வேறு சுருதியில் நிற்கும், உடனே தெரிந்துவிடும். ஓரிடத்தில் பாட்டை வைத்துச் சந்தேகம் தீரவில்லை. கரையோரம் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி போன சத்தம்தான் தீர்த்துவைத்தது. மூன்று துண்டுகளில் அது நெருங்கி, கடந்து, தேய்ந்து போகிறது. பின்னணிச் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து முதலிலேயே நாய்ஸ் ரிடக்ஷன் போட்டுத் துடைத்திருந்தால் அந்த அடையாளம் போயிருக்கும். மீட்பு வேலை முழுக்க முடியும் வரை ஒலியைச் சுத்தப்படுத்தக் கூடாது என்று அதிலிருந்து வைத்துக்கொண்டிருக்கிறேன்.

திரும்பாதவையும் உண்டு. கடைசித் துண்டு டிஸ்க்குக்கே போய்ச் சேரவில்லை, நினைவகத்திலேயே முடிந்துபோனது. நடுவிலும் சில துண்டுகள் கெட்ட இடத்தில் விழுந்து வெறும் மௌனமாக வந்தன. அந்த இடங்களை வெட்டி இரண்டு பக்கத்தையும் ஒட்டிவிட எளிதாக முடியும், கேட்கிறவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் பாடாத வரிசையில் அப்பத்தா பாடியதாக ஆகிவிடும். எத்தனை விநாடி இல்லையோ அத்தனை விநாடியையும் வெறுமையாகவே விட்டேன், கூடவே ஒரு குறிப்பு ஃபைலில் எந்த நிமிடத்தில் எவ்வளவு இல்லை என்று எழுதிவைத்தேன். அன்றைக்குக் கூட உட்கார்ந்திருந்த அவர் மருமகளிடம் கேட்டேன். விட்டுப்போன ஒரு வரியைப் பாடாமல், பேச்சாகச் சொன்னார். அது குறிப்பில் இருக்கிறது, அவர் சொன்னது என்ற விவரத்தோடு. பதிவில் சேர்க்கவில்லை.

இந்தக் கதையைக் கேட்ட நண்பர் ஒருவர் தன் மெமரி கார்டோடு வந்தார். கோயில் கொடையில் வில்லுப்பாட்டைக் கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்துகொண்டிருக்கும்போது பேட்டரி போய்விட்டது. வேவ் ஃபைல் இருக்கிறது, அளவு 600 எம்பிக்கு மேல் காட்டுகிறது, ஆனால் எந்தப் பிளேயரில் போட்டாலும் நீளம் பூஜ்யம். இது பார்க்கப் பயமாக இருக்குமே தவிர, சரிசெய்வது சுலபம். வேவ் ஃபைலின் தொடக்கத்தில் வழக்கமாக 44 பைட் தலைப்பு இருக்கும். நெல் மூட்டையின் வாயில் கட்டிய சீட்டு மாதிரி, உள்ளே என்ன வகை, எவ்வளவு என்று அதில்தான் எழுதியிருக்கும். எவ்வளவு என்பது ரெக்கார்டிங் முடிந்த பிறகுதான் தெரியும் என்பதால் பல கருவிகள் முதலில் பூஜ்யம் போட்டுவைத்து, ஸ்டாப் அழுத்தும்போது திருத்தும். ஸ்டாப் அழுத்துவதற்குள் பேட்டரி போனால் அந்தத் திருத்தம் நடக்காது.

ஆடாசிட்டியில் 'இம்போர்ட்' மெனுவில் 'ரா டேட்டா' என்று ஒன்று இருக்கிறது. தலைப்பைப் பார்க்காமல் உள்ளே இருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளும். என்ன வகை என்பதை நாம் சொல்ல வேண்டும். 16 பிட் பிசிஎம், லிட்டில் எண்டியன், ஸ்டீரியோ, 44,100 என்று கொடுத்ததும் வில்லின் மணிச் சத்தம் கேட்டது. சரியாக வரவில்லை என்றால் வருகிற சத்தமே காரணத்தைச் சொல்லும். வெறும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சலாக இருந்தால் 16 பிட்டா 24 பிட்டா என்பது தவறு, அல்லது தொடக்கத்தை ஒரு பைட் தள்ளிப் பார்க்க வேண்டும். குரல் குழந்தைக் குரலாகவோ பேய்க் குரலாகவோ வந்தால் சாம்பிள் வேகம் தவறு, இல்லாவிட்டால் மோனோவுக்கும் ஸ்டீரியோவுக்கும் குழப்பம். நீளத்தையும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கலாம். 16 பிட் ஸ்டீரியோ 44,100-ல் ஒரு விநாடிக்கு 1,76,400 பைட், நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி. 600 எம்பி என்றால் ஒரு மணி நேரம் இருக்க வேண்டும். நண்பருக்கு அவ்வளவும் இருந்தது.

கார்டில் ஃபைலின் அளவே பூஜ்யமாக இருந்தால் இது உதவாது. அப்போது ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல். பெயர் அப்படி இருந்தாலும் ஒலி ஃபைல்களையும் தேடும். ஃபைல் பட்டியலை நம்பாமல், கார்டு முழுக்கப் படித்து, ஃபைல்களின் தொடக்க அடையாளத்தை வைத்து எடுக்கும். பழைய பெயர்கள் வராது. எடுத்ததை அதே கார்டில் போடாமல் வேறு டிஸ்க்கில் போடச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இன்னும் மீட்காததன் மேலேயே எழுதிவிடும்.

போன்களில் எடுக்கிற எம்4ஏ பதிவுகள் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். உள்ளே எது எங்கே இருக்கிறது என்று சொல்கிற அட்டவணை பெரும்பாலும் ஃபைலின் கடைசியில் எழுதப்படுவதால், பாதியில் நின்றால் அட்டவணையே இருக்காது. அதே போனில் அதே அமைப்பில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அன்ட்ரங்க் போன்ற நிரல்களில் முயலலாம். எம்பி3 இந்த விஷயத்தில் நல்ல பிள்ளை. ஒவ்வொரு சிறு துண்டும் தன் தலைப்போடு வருவதால், நின்ற இடம் வரை அப்படியே பாடும்.

2021-ல் வந்த ஆடாசிட்டி 3-லிருந்து துண்டு ஃபைல்கள் கிடையாது. எல்லாம் ஏயூபி3 என்ற ஒரே ஃபைலுக்குள், உள்ளே எஸ்கியூலைட் டேட்டாபேஸ். அதனால் நான் செய்த கோர்ப்பு வேலையை இனி யாரும் செய்ய வேண்டியிருக்காது, அது நல்லதுதான். ஆனால் கிராஷ் ஆன பிறகு பக்கத்தில் அதே பெயரில், ஆங்கிலத்தில் '-wal' என்று முடிகிற ஃபைல் ஒன்று நிற்கலாம். வேண்டாத குப்பை என்று அதை அழித்துவிடாதீர்கள். கடைசியாக எழுதியது அதில் இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே ஃபோல்டரில் வைத்தபடிதான் காப்பி செய்ய வேண்டும், திறக்கவும் வேண்டும். ஒன்டிரைவ், கூகுள் டிரைவ் என்று தானாகச் சிங்க் ஆகிற ஃபோல்டரில் ரெக்கார்ட் செய்யவும் வேண்டாம். முடித்த பிறகு அங்கே ஒரு படி போட்டுக்கொள்ளலாம்.

இப்போது லேப்டாப் எல்லாம் எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத, சிப்பில் எழுதுகிற டிரைவ். ரெக்கார்டிங்கின் வேகத்துக்கு நல்லது, மீட்புக்குக் கெட்டது. பழைய டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் இடம் காலி என்று குறிக்கப்படுமே தவிர ஒலி அங்கேயே கிடக்கும். எஸ்எஸ்டியில் விண்டோஸ் 7 காலத்திலிருந்தே 'டிரிம்' என்று ஒன்று இருக்கிறது. அழித்த இடங்களை உடனுக்குடன் டிரைவுக்குச் சொல்லிவிடும், டிரைவ் அவற்றைத் துடைத்துவிடும். அழித்த பிறகு தேடினால் பெரும்பாலும் வெறும் பூஜ்யங்கள்தான் கிடைக்கும். லேப்டாப் ஓடவில்லை என்பது வேறு விஷயம், ஃபைல் அழிக்கப்படாத வரை எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் படிக்கலாம். அங்கே டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கர் என்ற விண்டோஸ் வசதி குறுக்கே வரும். நாமாகப் போடாவிட்டாலும் விண்டோஸ் 11 லேப்டாப்கள் பலவற்றில் டிஸ்க் பூட்டியே இருக்கிறது. கழற்றி மாட்டியதும் 48 இலக்க எண் கேட்கும். பெரும்பாலும் அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். லேப்டாப் நன்றாக ஓடும்போதே உள்ளே போய் அதைப் பார்த்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போதெல்லாம் வெளியூர் போனால் லேப்டாப்பில் நேராகப் பதிவு செய்வதில்லை. கையடக்க ரெக்கார்டர் 48,000, 24 பிட் வேவில் ஓடும். பக்கத்தில் ஒரு பழைய போன் எம்பி3-ல் ஓடும். தரத்தில் அது கீழேதான், ஆனால் ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கும், அதன் நேர வரிசையை வைத்து எதையும் ஒட்டிப் பார்க்கலாம். பாடுகிறவர் ஒரு பாட்டை முடித்து வெற்றிலை போடுகிற இடைவெளியில் ஸ்டாப் அழுத்திவிட்டுப் புது ஃபைலாகத் தொடங்குகிறேன். பஸ் ஏறும் முன் கார்டிலிருந்து ஒரு படி பென் டிரைவுக்குப் போய்விடும், அதை வேறு பையில் வைப்பேன். இரண்டு இடத்தில் ஃபைல் திறந்து கடைசி நிமிடம் வரை ஓடுகிறது என்று கேட்டுப் பார்க்காமல் கார்டை ஃபார்மட் செய்வதில்லை.